உப்புத் தண்ணீர் தாவாது

ஐஸ் பேக்டரித் தெருவில் கோடையிலும் தரை காயாது. பாளம் ஏற்றிய வண்டிகள் சொட்டிக்கொண்டே போகும். சாக்கு நனைந்து, மரத்தூள் நனைந்து, யாரோ இப்போதுதான் கழுவிவிட்டுப் போன மாதிரி தெரு கிடக்கும். அம்மோனியா வாடை புதிதாக வருகிறவர்களுக்குக் கண்ணைக் கரிக்கும். அங்கேயே இருக்கிறவர்களுக்கு அது ஒருநாள் வராவிட்டால்தான் என்னவோ போல இருக்கும்.

தெருவின் கடைசி வீட்டு மாடியில் ஆபரேட்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கீழே அவருடைய அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ராத்திரி ஷிப்ட்தான். அக்காவைத் தவிர எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர்தான். மனைவி கூட வெளியாட்களிடம் பேசும்போது "ஆபரேட்டர் தூங்கறார்" என்றுதான் சொல்வாள்.

பேக்டரியில் அவர் கையெழுத்துக்குத் தனி மரியாதை. மணிக்கு ஒருதரம், ஐஸ் உறைய வைக்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டியின் குளிரையும் அம்மோனியாவின் அழுத்தத்தையும் மானியில் பார்த்து லாக் புக்கில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். அவர் எழுதினால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். முதலாளி அந்தப் புத்தகத்தைப் புரட்டுவார். ஆனால் எண்களைப் படிக்க மாட்டார். காலிக் கட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அரைநாள் சம்பளம் போச்சு.

பெல்ட் அறுந்தாலோ கேன் கவிழ்ந்தாலோ மானியைப் பார்க்க எவனுக்கு நேரம்? அப்படி விட்டுப்போன கட்டத்தை எப்படி நிரப்புவது என்று அவரோடு வேலை பார்க்கும் கிரீஸ் ஒருமுறை கேட்டான். நாற்பது வயது ஆள். கையில் எப்போதும் மசகு இருப்பதால் அந்தப் பெயர்.

"மூணு மணிக்கு என்ன இருந்துச்சு?"

"மைனஸ் ஒன்பது."

"அஞ்சு மணிக்கு?"

"மைனஸ் பத்து."

"அப்ப நாலு மணிக்கு ஒன்பதரை. உப்புத் தண்ணி என்ன குரங்காய்யா, அங்கயும் இங்கயும் தாவறதுக்கு?"

கிரீஸ் சிரித்தான். "சூடு ஏறிப் போச்சுன்னா?"

"ஒண்ணு கொறைச்சுப் போடு. ரொம்ப ஏறினதா எழுதினா மானி கெட்டுப் போச்சும்பாங்க, இல்ல உன் கண்ணு கெட்டுப் போச்சும்பாங்க. நம்பற மாதிரி எழுதணும்."

இதை அவர் பொய் என்று நினைத்ததில்லை. அந்தத் தெருவில் யாருமே நினைத்ததில்லை. அது வேலை தெரிந்தவனின் பக்குவம்.

*

மனைவிக்கு வயிறு கெட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

காலையில் தின்ற ரொட்டி சாயங்காலம் தின்றபடியே திரும்பி வரும். கரைந்திருக்காது, புளித்திருக்காது. வெளியூர் போய்விட்டு, வேலை நடக்காமல் திரும்பி வந்த ஆள் மாதிரி அப்படியே வரும். பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது சட்டைக்குப் பாக்கெட் வைப்பாள். இப்போது பத்து பாக்கெட் வைப்பதற்குள் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிடுகிறாள்.

எத்தனை டாக்டர்கள்! ஒருவர் அமிலம் என்றார். ஒருவர் வாயு என்றார். குழாய் விட்டுப் பார்த்தவர் "உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னார். கடைசியாகப் பார்த்தவர் ஆபரேட்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "குழந்தை இல்லைல்ல? மனசு ஏங்கினா வயித்துல காட்டும்" என்றார். ஆபரேட்டர் அதை மனைவியிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டார். அது தப்பு.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல," என்றாள் அக்கா. "மனசு சொஸ்தமா இருந்தா கல்லும் செரிக்கும். இந்த வாடையிலதான் நானும் இருக்கேன். எனக்கு ஒரு ஏப்பம் வந்திருக்கா? அவ வேலைக்குச் சோம்பறா தம்பி. படுத்துக்க ஒரு காரணம் வேணும்."

"அப்படி இல்லக்கா."

"அப்ப எப்படி? ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு நீதானே சொன்னே? அவ நார்மலா, ரிப்போர்ட் நார்மலா?"

மானியில் சரியாக இருக்கிற ஒரு தொட்டியில் ஐஸ் எப்படி உறையாமல் போகும் என்று ஆபரேட்டரும் பல நாள் யோசித்திருக்கிறார்.

அந்த வீட்டில் இன்னொரு பழக்கம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. காலை ஏழு மணிக்கு வந்து, குளித்து, அவளுக்கு சூப்போ குழைந்த சோறோ தன் கையால் செய்து மூடி வைத்துவிட்டு அவர் எட்டரைக்குப் படுப்பார். சாயங்காலம் நாலு மணி வரை தூங்குவார். பகலில்தான் அவளுக்குக் குமட்டல் உச்சத்துக்கு ஏறும். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். இரும்பு வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. பாவம், ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்திருக்கிறார், தூங்கட்டும் என்றுதான்.

தூக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால், துணி துவைக்கிறாள் போல, இன்றைக்குத் தெம்பாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் புரண்டு படுப்பார்.

கீழிருந்து அக்கா மட்டும் கத்துவாள். "தொட்டித் தண்ணி மொத்தமும் மாடியிலயே தீந்து போகுது! அப்படி என்னத்தக் கழுவறா இந்த மகராசி?"

*

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த ஆராய்ச்சி நடப்பதைக் கிரீஸ்தான் எங்கேயோ கேட்டு வந்து சொன்னான். பெரிய டாக்டர் ஒல்லியான அம்மாள். வேகமாகப் பேசினார்.

"இருதயம் துடிக்கிற மாதிரி வயிறும் துடிக்கும், தெரியுமா? நிமிஷத்துக்கு மூணு அலை. அந்த மின்சாரம் தாளம் தப்பினா சாப்பாடு போட்ட இடத்துலயே கிடக்கும். குழாய் விட்டுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. சுவத்துல விரிசல் இருந்தா கண்ணால பார்க்கலாம். ஒயருக்குள்ள கரண்ட் சரியா ஓடுதான்னு சுவத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

ஆபரேட்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் அவருக்குப் புரிகிற மாதிரி பேசிய முதல் டாக்டர் இவர்தான். "அப்ப நீங்க உள்ள ஒரு மானி வைக்கப் போறீங்க."

"அதேதான். இரைப்பைச் சுவர்ல ரெண்டு கம்பியைத் தைச்சு, தோலுக்கடியில தீப்பெட்டி அளவுல ஒரு கருவி. ஆறு வாரம் ராப்பகலா அலையைப் பதிவு பண்ணும். அப்புறம் எடுத்துருவோம்."

"நான் பொய் சொல்றேனான்னு கண்டுபிடிக்கவா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்களை இல்லம்மா. உங்க வயித்தைத்தான் விசாரிக்கப் போறோம்."

அடுத்த விஷயத்தை டாக்டர் நிதானமாகச் சொன்னார். தாளம் தப்பிய வயிற்றைத் தட்டிக் கொடுத்து ஓட்டுகிற இன்னொரு கருவி இருக்கிறது. அது உள்ளேயே தங்கிவிடும். அதை வைத்தால் சாப்பிட முடியும், முழுசாக இல்லாவிட்டாலும் பாதியாவது. ஆனால் எட்டுப் பேருக்குத்தான் இருக்கிறது. முப்பது பேர் வந்திருக்கிறார்கள். "அலை தப்பற நேரமும் உங்களுக்குக் குமட்டற நேரமும் ஒண்ணா இருக்கணும். கருவி ஒரு பக்கம் எழுதும், நீங்க ஒரு பக்கம் எழுதணும். ரெண்டும் பொருந்தினா உங்களுக்கு அது கிடைக்கும்."

வராந்தாவில் நடக்கும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்பது வருஷத்துல இன்னிக்குத்தாங்க என்னை விட்டுட்டு வயித்தை விசாரிக்கறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து அவருக்கு எவ்வளவோ நாளாகியிருந்தது.

கருவி வைத்த மூன்றாம் நாள், மெஷின் பெண் வந்தாள். பதிவுகளைப் பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும், கட்டம் போட்ட தாள்கள் ஒரு கட்டும் கொடுத்தாள்.

"மணிக்கு ஒரு கட்டம்கா. என்ன சாப்பிட்டீங்க, குமட்டல் எவ்வளவு, சைபர்லேருந்து பத்து வரைக்கும். தூங்கிட்டா தூக்கம்னு எழுதுங்க. ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்லன்னு எழுதுங்க. காலியா மட்டும் விடாதீங்க."

ஆபரேட்டர் தலையை ஆட்டினார். "அதை நீ எனக்குச் சொல்லணுமாம்மா?" அவர் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

*

முதல் இரண்டு வாரம் அவளே எழுதினாள். கோணல் மாணலான எழுத்து. சில கட்டத்தில் எண் கோட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பது, வாந்தி, ஒன்பது. ஒரு கட்டத்தில் சூப்பின் கறை.

"என் வயித்துக்கும் ஒரு லாக் புக் வந்துருச்சு பாருங்க," என்பாள். "நீங்க அங்க தொட்டியைப் பார்த்துக்குங்க, நான் இங்க தொந்தியைப் பார்த்துக்கறேன்."

"உனக்கு ஏது தொந்தி?"

"வரும்ல, அந்த ரெண்டாவது கருவி வந்தா. அப்ப பாருங்க, ஒரே மூச்சுல நாலு ரொட்டி தின்னுட்டு, நாற்பது பாக்கெட்டு வச்சுட்டு, உங்க அக்காகூடச் சண்டை போடறேன். இப்பல்லாம் சண்டை போடவே தெம்பு இல்லை."

இரண்டாம் வார முடிவில் பேட்டரியைப் பார்க்க ஆஸ்பத்திரி போனார்கள். மெஷின் பெண் தாளைப் புரட்டினாள். "அக்கா, எல்லாமே எட்டும் ஒன்பதுமா இருக்கே? பத்துன்னா மயக்கம் போட்டு விழறது, அக்கா. கொஞ்சம் யோசிச்சுப் போடுங்க, என்ன?" அவள் இதமாகத்தான் சொன்னாள். பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிற பேச்சு. மனைவி பட்டையை இறுக்கிக்கொண்டாள். ஆபரேட்டருக்கு மட்டும் சுருக்கென்றது. முதலாளி புருவத்தைத் தூக்குவது மாதிரி இருந்தது. ஆக, இவர்களும் நம்பவில்லை.

மூன்றாம் வாரம் அவளுக்கு முடியாமல் போனது. தண்ணீர் கூடத் தங்கவில்லை. பகலெல்லாம் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். எழுந்தால் குளியலறைக்குப் போகத்தான். ஒருநாள் சாயங்காலம் அவர் எழுந்து வந்து பார்த்தால் தாளில் ஏழு கட்டம் காலி. மறுநாள் ஒன்பது.

"பேனா பிடிக்க முடியலைங்க," என்றாள்.

"நீ படு. நான் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். காலையில் வேலை முடிந்து வந்ததும், கையில் விறைப்பு போவதற்கு முன்பே கேட்பார். "இப்ப எப்படிம்மா இருக்கு? எத்தனை போட?"

அவள் அவரைப் பார்ப்பாள். குளிரில் வெடித்த விரல்கள், தூக்கம் கட்டிய கண். "பரவாயில்லங்க. ஒரு அஞ்சு போடுங்க."

சாயங்காலம் கிளம்பும்போது மறுபடி கேட்பார். "இப்ப?"

"அதே அஞ்சுதான். நீங்க கிளம்புங்க, லேட்டாகுது."

அவர் நாலு என்று போட்டார். ரொம்ப அதிகமாக இருந்தால் நம்ப மாட்டார்கள். காலையில் நாலு, சாயங்காலம் நாலு. நடுவில் என்ன இருக்கும்? நாலு, நாலு, நாலு, நாலு. சாப்பாடு? மூடி வைத்த தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. முக்கால் தட்டு என்று எழுதினார். தையல் மெஷின் மேல் தாளை வைத்து, நீல மையில், கட்டத்தின் நடுவில் பிசிறில்லாமல் எழுதினார். மனைவிக்காகத் தன்னால் செய்ய முடிந்தது இது என்ற திருப்தியோடு எழுதினார்.

நாலாம் வாரம் மெஷின் பெண் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "அடேயப்பா, என்ன அழகான கையெழுத்து! யாரு எழுதினது?"

"அவ சொல்லச் சொல்ல நான் எழுதறேன்."

"குமட்டலும் குறைஞ்சிருக்கே! எல்லாரும் இப்படி எழுதினா எங்களுக்கு வேலையே இல்லை."

ஆபரேட்டர் திரும்பி மனைவியைப் பெருமையோடு பார்த்தார். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

*

கருவியை எடுத்து மூன்று வாரம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணி. ஆபரேட்டர் தூங்காமல் வந்திருந்தார். மேஜை முழுக்க நீளமான காகிதம் விரிந்து கிடந்தது. கோடு மேலும் கீழுமாக ஓடியது. 

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்று பெரிய டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்னார். "உங்களுக்கு வியாதி இருக்கு. இந்த மாதிரி கெட்டுப்போன தாளத்தை நான் இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் பார்த்ததில்லை. இங்க பாருங்க. மூணு அலை வரவேண்டிய இடத்துல ஆறு. இங்க ஒண்ணுமே இல்லை, நாலு நிமிஷம் வயிறு செத்துக் கிடக்கு. மறுபடி ஆறு."

அவள் அந்தக் கோட்டைத் தொட்டாள். "இது… நானா?"

"நீங்கதான்."

"நிஜமாத்தான் இருக்கா?"

"நிஜம்மா."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷம். துடைத்துக்கொள்ளக் கூடத் தோன்றாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்தார். பிறகு கட்டத் தாள்களை எடுத்துக் கோட்டுக்குக் கீழே வரிசையாக வைத்தார்.

"முதல் ரெண்டு வாரம் அப்படியே பொருந்துது. ஆறு அலை ஓடற நேரத்துல நீங்க ஒன்பதுன்னு எழுதியிருக்கீங்க. இதுக்கு மேல சாட்சி வேண்டாம். ஆனா இங்கேருந்து பாருங்க. இருபத்தி மூணாவது நாள், பகல் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் வயிறு ஒரு நிமிஷம் கூட ஓயலை. மனுஷியால நிக்க முடியாது. தாள்ல நாலு, நாலு, நாலு. முக்கால் தட்டு சாப்பிட்டதா எழுதியிருக்கு. சாப்பாடு விழுந்தா அலை பெருசாகணும். ஆகலை. அன்னிக்கு வயித்துக்குள்ள ஒண்ணுமே போகலை." அவர் தாளைக் கீழே வைத்தார். "கோணல் எழுத்துல இருக்கிற தாள் எல்லாம் சரி. அழகா எழுதின தாள் எல்லாம் தப்பு. யார் எழுதினது?"



"நான்தான் டாக்டர்," என்றார் ஆபரேட்டர்.

"அவங்களைக் கேட்டா?"

"காலையில கேட்டேன். சாயங்காலம் கேட்டேன். நடுவுல…" அவர் குரல் தேய்ந்தது. "நடுவுல உள்ளதை நான் நிரவிட்டேன். உப்புத் தண்ணி அப்படித்தான் டாக்டர், மெதுவாத்தான் ஏறும், மெதுவாத்தான் இறங்கும்…"

"எந்த உப்புத் தண்ணி?"

அவர் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். தொட்டி, மானி, முதலாளி என்று அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அந்த அறைக்குள் அவருக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டன.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "முடிவு பண்றது நான் மட்டும் இல்லை. ஒரு குழு. அவங்களுக்கு நீங்க யாருன்னே தெரியாது, நம்பர் பதினேழு, அவ்வளவுதான். கருவி ஒண்ணு சொல்லுது, நோயாளி இன்னொண்ணு சொல்றாங்க, பொருந்தலை. தள்ளுபடி. நான் எடுத்துச் சொன்னேன். முப்பது பேர் வரிசையில நிக்கும்போது யாரு கேப்பாங்க?"

"இன்னொரு தடவை வைங்க டாக்டர். நான் கையால தொட மாட்டேன். அவளே எழுதட்டும். கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"தைச்ச இடம் ஆற ஒரு வருஷமாவது ஆகும். அதுக்குள்ள இந்த எட்டும் போயிடும். அதுவும் இல்லாம," அவர் குரலைத் தாழ்த்தினார், "இப்ப எடை முப்பத்தாறு கிலோ. ஒரு வருஷத்துல இன்னும் குறைஞ்சா மயக்க மருந்து குடுக்க ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க."

*

வீட்டு வாசலில் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"இல்லன்னுட்டாங்கக்கா."

"ஏனாம்?"

மனைவி நிற்காமல் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஆபரேட்டர் அவள் முதுகைப் பார்த்தபடி சொன்னார். "மெஷின் ஒண்ணு சொல்லுதாம், எழுதினது வேறயா இருக்காம்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "பார்த்தியா! நான் சொன்னா நாத்தனார் கொடுமைம்பீங்க. இப்ப மெஷினே சொல்லிடுச்சு."

"அக்கா, கேளு. மெஷின் அவ பக்கம்தான் சொல்லுச்சு. அவளுக்கு நிஜமாவே வியாதி. தப்பா எழுதினது நான். என் தப்பு."

"நீயா?" அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, பாசம்தான் இருந்தது. "இருபத்திரண்டு வருஷத்துல உன் எழுத்துல எந்த முதலாளி ஒரு தப்பு கண்டுபிடிச்சான்? பெண்டாட்டியை விட்டுக் குடுக்காம பேசற. நல்லதுதான். எங்கிட்ட ஏன்டா மறைக்கற?"

"மறைக்கலைக்கா, சத்தியமா நான்தான்…"

"சரி சரி. நீதான். போ, போய்த் தூங்கு. முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். உள்ளதைச் சொல்லியும் எதிரில் இருக்கிறவர் முகத்தில் அந்த இரக்கச் சிரிப்பைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாடியில் இருப்பவள் இதை ஒன்பது வருஷம் பார்த்திருக்கிறாள்.

மேலே அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைப்பதற்காக இல்லை. அறையில் வேறு நாற்காலி கிடையாது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெளியே ஒரு பாள வண்டி சொட்டிக்கொண்டு போனது.

"நான் அஞ்சுன்னுதானே சொன்னேன்," என்றாள்.

"ம்."

"நாலுன்னு ஏன் போட்டீங்க?"

"அதிகமா இருந்தா நம்ப மாட்டாங்கன்னு."

"யாரு?"

"டாக்டருங்கதான். அந்தப் பொண்ணு கூடச் சொல்லுச்சே, எல்லாம் ஒன்பதா இருக்குன்னு…"

"நீங்க நம்பினீங்களா?"

அவர் உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். அவள் காத்திருந்தாள், ஒரு சட்டைக்குப் பாக்கெட் வைக்கிற நேரம்.

"நான் அஞ்சுன்னு சொன்னதும் பொய்தான்," என்றாள் பிறகு. "ஒன்பதுங்க. சில நாள் பத்து. ராத்திரியெல்லாம் நின்னுட்டு வர்ற மனுஷன்கிட்ட வந்ததும் வராததுமா ஒன்பதுன்னு எப்படிச் சொல்றது? தட்டைக் கொட்டிட்டுக் கழுவி வச்சதும் அதுக்குத்தான். நீங்க பொங்கி வச்சது வீணாப் போச்சுன்னு தெரிய வேண்டாமேன்னு. அதனால உங்களை மட்டும் நான் குத்தம் சொல்லலை." அவள் மெஷின் சக்கரத்தை லேசாகத் தள்ளினாள். ஊசி துணி இல்லாமல் ஒருமுறை இறங்கி ஏறியது. "ஆனா என் பொய் எனக்குத் தெரியும். உங்க பொய் எனக்குத் தெரியலையே. நீங்களாவது என் பக்கம் இருக்கீங்கன்னு நினைச்சுட்டே படுத்துக் கிடந்தேன்."

"நான் உன் பக்கம்தாம்மா."

"இருந்தீங்க. ஒண்ணு குறைச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவள் மெஷின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில் எழுதாத கட்டத் தாள் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை எடுத்து விரித்து அவர் பக்கம் நகர்த்தினாள். பேனாவையும் வைத்தாள்.

"எழுதுங்க."

"இனிமே இதை யாரும்மா பார்க்கப் போறா?"

"யாரும் பார்க்க வேண்டாம். எழுதுங்க. மணி ரெண்டரை."

அவர் பேனாவை எடுத்தார். கை தானாகக் கட்டத்தின் நடுவைத் தேடிப் போனது.

"சாப்பாடு, இல்லை."

எழுதினார்.

"குமட்டல், ஒன்பது."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நன்றாகத்தானே உட்கார்ந்திருக்கிறாள், பேசிக்கொண்டுதானே இருக்கிறாள்.

"ஒன்பதா?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது. அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க, தன் இருபத்திரண்டு வருஷ லாக் புக் எல்லாவற்றையும் அவர் கொளுத்தத் தயாராக இருந்தார்.

அவள் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குளியலறைக் கதவைச் சாத்தினாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்காக அவர் காது தானாகக் காத்திருந்தது. இத்தனை வருஷமாக அவரைத் தூங்க வைத்த சத்தம்.

குழாயை அவள் திறக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்ததை எல்லாம் ஆபரேட்டர் உட்கார்ந்து கேட்டார். நடுவில் நின்றது, முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. மறுபடி வந்தது. மடியில் தாள் இருந்தது, அதில் குமட்டல் கட்டம் காலியாக இருந்தது, பேனா அவர் கையில்தான் இருந்தது.